ஆந்திர விவசாயிகள் நிலத்தடி நீருக்குப் போட்ட பட்ஜெட்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஏரி, குளம் என்றால் ஊர் கூடுவது ஓரளவு சுலபம். தண்ணீர் கண்ணெதிரே நிற்கிறது. மதகைத் திறந்தால் யாருக்குப் பாயும், கரை உடைந்தால் யார் வயல் மூழ்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். போர் தண்ணீர் அப்படியில்லை. என் நிலம், நான் கடன் வாங்கிப் போட்ட போர், என் மோட்டார், என் பெயரில் இருக்கும் கரண்ட் இணைப்பு. பக்கத்துத் தோட்டக்காரரும் அதே பாறை இடுக்கிலிருந்துதான் இழுக்கிறார் என்பது, அவர் எண்ணூறு அடிக்குப் போட்ட மறுமாதம் என் நானூறு அடி போரில் வெறும் காற்று வரும்போதுதான் உறைக்கும். இப்படிப்பட்ட தண்ணீரை ஊர் சேர்ந்து நிர்வகிக்க முடியுமா என்று கேட்டால், பெரும்பாலான அதிகாரிகளும் விவசாயிகளும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: நடக்கிற காரியமா இது.

ஓரளவு நடந்தது என்று காட்டிய ஒரு முயற்சி நம் பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது. ஆந்திரப் பிரதேச விவசாயிகள் மேலாண்மை நிலத்தடி நீர் அமைப்புத் திட்டம் என்பது அதன் நீளமான பெயர். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஏ.பி.ஃபாம்ஸ் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 2003-ல் தொடங்கி 2009 வரை, அன்றைய ஒன்றுபட்ட ஆந்திராவின் அனந்தபூர், சித்தூர், கடப்பா, கர்நூல், பிரகாசம், மகபூப்நகர், நல்கொண்டா ஆகிய ஏழு வறட்சி மாவட்டங்களில் நடந்தது. கடைசி இரண்டும் இப்போது தெலங்கானாவில் இருக்கின்றன. சுமார் 650 கிராமங்கள், அறுபதுக்கும் மேற்பட்ட ஓடைப் படுகைகள் (ஒரே ஓடைக்குத் தண்ணீர் வடியும் நிலப்பகுதிகள்), ஏறத்தாழ 28,000 விவசாயிகள். உலகில் விவசாயிகளே நிலத்தடி நீரை அளந்து நடத்திய முயற்சிகளைப் பற்றிப் பேசும்போது இன்றும் முதலில் எடுத்துக்காட்டப்படுவது இதுதான்.

வேடிக்கை என்னவென்றால், இதன் வேர் போர் போட்டுக் கொடுத்த ஒரு திட்டத்தில் இருக்கிறது. 1995 முதல் நெதர்லாந்து அரசின் உதவியோடு ஆந்திராவில் ஏ.பி.வெல் என்ற திட்டம் நடந்தது. சிறு, குறு விவசாயிகளைக் குழுவாகச் சேர்த்து, அவர்களுக்குப் பொதுவாக ஒரு ஆழ்துளைக் கிணறு, மோட்டார், மின் இணைப்பு. இப்படி மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கிணறுகள் போட்டார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் சில ஆண்டுகளிலேயே, சுற்றிலும் தனியார் போர்கள் பெருகப் பெருக, திட்டக் கிணறுகளிலும் மட்டம் இறங்கத் தொடங்கியது. இன்னும் கிணறு போட்டுக்கொண்டே போவதில் அர்த்தமில்லை என்று புரிந்த இடத்தில்தான், கிணறு வைத்திருப்பவர்களையே அளக்க வைத்துப் பார்க்கலாமே என்ற யோசனை வந்தது.

இந்தத் திருப்பம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்தக் காலத்தில் அந்தப் பகுதியில் போர் போடுவது கிட்டத்தட்ட சூதாட்டம். உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவர் ஒரு இடத்தைக் காட்டுவார். நம் திருச்செங்கோட்டிலிருந்து போன ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கச் சுற்றுகின்றன, ஆந்திராவும் விலக்கில்லை. இரவோடு இரவாகத் துளை போடுவார்கள். தண்ணீர் வந்தால் யோகம், புகை பறந்தால் கடன். ஒன்று தோற்றால் இன்னொன்று, அதுவும் தோற்றால் இன்னும் ஆழமாக. போர் கடனால் நொடித்த குடும்பம் இல்லாத ஊரே ராயலசீமையில் இல்லை என்று சொல்லிவிடலாம்.

2003-ல், சின்னச் சின்ன நன்கொடை நாடுகளிடம் அரசுக்கு அரசு என்ற முறையில் உதவி வாங்குவதை நிறுத்திக்கொள்வது என்று மத்திய அரசு முடிவெடுத்தது. நெதர்லாந்து விலக வேண்டியதாயிற்று. அதன்பின் பணம் ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் வழியாக வந்தது. களத்தில் நடத்தியவை உள்ளூர்த் தொண்டு நிறுவனங்கள். நந்தியாலைச் சேர்ந்த பேர்ட்ஸ் என்ற தொண்டு நிறுவனம் அவற்றை ஒருங்கிணைத்தது.

ஒயர், டிரம், ஸ்டாப்வாட்ச்

திட்டத்தின் கருவிகள் ரொம்ப எளிமையானவை. ஊருக்குப் பக்கத்தில் ஒரு மழைமானி. அடி, மீட்டர் குறித்த நீளமான ஒயர் ஒன்று. அதன் நுனியில் இருக்கும் உணரி தண்ணீரைத் தொட்டதும் மேலே பெட்டியில் சத்தம் வரும். அப்புறம் ஒரு டிரம், ஒரு ஸ்டாப்வாட்ச். அளப்பதற்கென்று ஊரில் சில கிணறுகளைத் தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள். திட்டப் பகுதி முழுக்க இப்படி 2,000-க்கும் மேற்பட்ட கிணறுகள் இருந்தன. பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒயரை இறக்கி மட்டம் எடுப்பது, மோட்டாரை ஓட்டி டிரம் நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று பார்ப்பது, இரண்டையும் நோட்டில் எழுதுவது, பிறகு ஊர்ச் சுவரில் இருக்கும் பலகையில் எல்லோருக்கும் தெரியும்படி எழுதிவைப்பது. அளந்தவர்கள் விவசாயிகளே, பெண்களும் நிறையப் பேர். இதற்குச் சம்பளம் கிடையாது.

அந்த டிரம்மில் என்ன தெரிந்துவிடும் என்று நினைக்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் நான் எடுத்துக்கொண்டவை, வழிமுறை அவர்களுடையது. 200 லிட்டர் டிரம் 50 வினாடியில் நிரம்புகிறது என்றால் வினாடிக்கு 4 லிட்டர், மணிக்கு 14,400 லிட்டர். மும்முனை மின்சாரம் ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம் வருகிறது. அப்படியானால் நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர், 120 நாள் பயிருக்கு ஒரு கோடியே இருபது லட்சம் லிட்டர். நெல்லுக்கு 1,200 மி.மீ. தண்ணீர் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், ஒரு ஏக்கருக்கு 48 லட்சம் லிட்டருக்கு மேல். இந்தப் போரை நம்பி இரண்டரை ஏக்கர் நெல் வைக்கலாம். நிலக்கடலைக்கு 500 மி.மீ. போதும் என்றால் ஆறு ஏக்கர் வரை.

ஆனால் நவம்பரில் 50 வினாடியில் நிரம்பிய டிரம், ஜனவரியில் 80 வினாடி எடுத்துக்கொள்ளும். கெட்டிப்பாறைப் பகுதியில் இது சகஜம். பிற்பாதி அறுபது நாளும் அந்த வேகம்தான் என்றால், மொத்தத்தில் கிடைக்கும் தண்ணீர் இரண்டு ஏக்கர் நெல்லுக்குத்தான் காணும். இரண்டரை ஏக்கர் நட்டவருக்கு அரை ஏக்கர், அதுவும் கதிர் வாங்கும் நேரத்தில், காயும். முந்தைய ஆண்டுகளில் மோட்டாரை ஓட்டும்போது தண்ணீர் மெலிந்துகொண்டே வருவதை விவசாயி பார்த்திருக்கிறார்தான். எவ்வளவு மெலியும், அதற்குள் எத்தனை ஏக்கரைக் கரை சேர்க்கலாம் என்பதைத்தான் நோட்டு சொன்னது.

இதே கணக்கை ஊர் அளவில் போட்டால் இன்னும் உறைக்கும். அனந்தபூரில் ஆண்டு மழை சராசரியாக 550 மி.மீ. பக்கம். இந்தப் பகுதியின் கிரானைட், நைஸ் போன்ற கெட்டிப்பாறை நிலத்தில் பெய்யும் மழையில் பத்தில் ஒரு பங்கு கீழே இறங்கினாலே நல்ல கணக்கு. 500 மி.மீ. பெய்தால் 50 மி.மீ. இறங்குகிறது. 1,200 மி.மீ. குடிக்கிற ஒரு ஏக்கர் நெல்லுக்கு, இருபத்து நான்கு ஏக்கர் நிலத்தில் இறங்கிய மழை வேண்டும். நெல் வயலில் நிற்கும் தண்ணீரில் ஒரு பகுதி திரும்பக் கீழே போகும் என்று கழித்துக்கொண்டாலும் பத்துப் பன்னிரண்டு ஏக்கருக்குக் குறையாது. ஆக, போர் வைத்து நெல் நடும் ஒருவர், தனக்குச் சொந்தமில்லாத பத்து ஏக்கரின் மழையையும் சேர்த்து எடுக்கிறார்.

அக்டோபர் கூட்டம்

திட்டத்தின் இதயம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், அது பயிர்-நீர் பட்ஜெட் கூட்டம். தென்மேற்குப் பருவமழை முடிந்து, ராபி எனப்படும் குளிர்காலப் பட்டம் தொடங்கும் முன் நடக்கும். கூட்டம் ஒரு ஊருக்கு மட்டுமானதல்ல. ஒரே ஓடைப் படுகையில் இருக்கும் எல்லா ஊர்களுக்கும் சேர்த்து. கிராம அளவில் நிலத்தடி நீர் மேலாண்மைக் குழு, படுகை அளவில் அந்தக் குழுக்களின் கூட்டமைப்பு என்று இரண்டு அடுக்கு. வருவாய்த் துறையின் எல்லைக்கோட்டைத் தண்ணீர் மதிப்பதில்லை என்பதால் படுகையை அலகாக வைத்தது சரியான முடிவு. நம் ஊரில் எல்லாமே ஃபிர்கா, ஒன்றியம் என்று போவதால் இதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கூட்டத்துக்கு முன்பே ஒவ்வொரு விவசாயியிடமும், இந்தப் பட்டத்தில் என்ன பயிர், எத்தனை ஏக்கர் என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். கூட்டத்தில் ஜூன் முதல் பெய்த மழை, மட்டம் ஏறிய அளவு, அதிலிருந்து கையில் இருக்கும் தண்ணீர் ஆகியவற்றை ஒரு பக்கம் எழுதுவார்கள். எல்லோருடைய பயிர்த் திட்டத்துக்கும் தேவைப்படும் தண்ணீர் மறு பக்கம். பல படுகைகளில் தேவை இருப்பைத் தாண்டி நிற்கும். எந்தப் பயிரைக் குறைத்தால் இந்தப் பற்றாக்குறை தீரும் என்றும் பேசுவார்கள். நெல்லுக்குப் பதில் நிலக்கடலை, கொண்டைக்கடலை, சூரியகாந்தி, காய்கறி. அல்லது நெல்லையே காய்ச்சலும் பாய்ச்சலுமாக வளர்ப்பது. அல்லது தெளிப்பு நீர், சொட்டு நீர்.

அப்புறம் என்ன தீர்மானம்? ஒன்றும் இல்லை. யார் எதை நட வேண்டும் என்று கூட்டம் சொல்லாது. அபராதமும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. கணக்கைக் கேட்டுவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய், தனித்தனியாக முடிவெடுப்பார்கள். அறுவடைக்குப் பிறகு, அக்டோபரில் சொன்னது என்ன, நடந்தது என்ன என்று மறுபடி ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

இதோடு விவசாயிகள் நீர்ப் பள்ளி என்று ஒன்றும் நடந்தது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு குழு வயலிலேயே கூடி, பாறை எப்படித் தண்ணீரைப் பிடித்துவைக்கிறது, மூடாக்கு (மல்ச்சிங்) போட்டால் ஈரம் எத்தனை நாள் நிற்கிறது என்று தாங்களே சோதித்துப் பார்ப்பது. மேலே இருக்கிறவர் வந்து சொற்பொழிவு ஆற்றும் வழக்கமான பயிற்சி முகாமைவிட இது எவ்வளவோ மேல்.

யார் குறைத்தார்கள், ஏன்

கட்டாயமே இல்லாத இந்த ஏற்பாட்டில் தண்ணீர் எடுப்பது குறைந்ததா? 2010-ல் உலக வங்கி வெளியிட்ட ஆய்வறிக்கை சொல்லும் கணக்கு இது: திட்டப் படுகைகளில் 42 சதவீதத்தில் ராபி பட்டத்து நீர் எடுப்பு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து குறைந்தது. 51 சதவீதத்தில் விட்டுவிட்டுக் குறைந்தது. 7 சதவீதத்தில் மட்டும் கூடியது. விவசாயிகளின் வருமானம் இதனால் விழவில்லை என்பதையும் அந்த அறிக்கை சேர்த்தே சொல்கிறது.

இதைப் படிக்கும் பலரும், ஊர் ஒற்றுமைக்குக் கிடைத்த வெற்றி என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, அறிக்கையும் அப்படிச் சொல்லவில்லை. நெல்லை விட்டவர் பக்கத்து வீட்டுக்காரருக்காக விடவில்லை. விதை, உரம், நடவுக்கூலி எல்லாம் போட்டபின் பாதியில் காய்ந்து போகும் என்று கணக்கு காட்டியதால் விட்டார். ஆயிரக்கணக்கானவர்கள் தனித்தனியாகத் தங்கள் முதலைக் காப்பாற்றிக்கொண்டபோது, கூட்டிப் பார்த்தால் படுகைக்கும் மிச்சமானது. பொதுநலம் என்று பேசியிருந்தால் கூட்டத்துக்கு வந்திருப்பார்களா என்பதே சந்தேகம். சொந்த நஷ்டத்தைத் தவிர்க்க வழி சொன்னதால் வந்தார்கள்.

எண்களை யார் எடுத்தார்கள் என்பதும் இதில் சேர்ந்தது. நிலத்தடி நீர்த் துறைக்குத் தன் கண்காணிப்புக் கிணறுகள் உண்டு, ஆண்டறிக்கையும் உண்டு. "இந்த மண்டலம் அபாய அளவைத் தாண்டியது" என்று அறிவிப்பும் வரும். அது விவசாயிக்கு இன்னொரு அரசாங்கத் தாள். சுவர்ப் பலகையில் இருந்த எண்ணோ, போன வாரம் தன் மச்சான் ஒயர் விட்டு எடுத்தது. சந்தேகம் இருந்தால் போய் மறுபடி அளந்து பார்க்கலாம்.

இதே காலத்தில் சட்டம் என்ன செய்துகொண்டிருந்தது என்றும் பார்க்க வேண்டும். 2002-ல் ஆந்திரா நீர், நிலம், மரங்கள் சட்டம் கொண்டுவந்தது. புதுக் கிணற்றுக்கு அனுமதி வேண்டும் என்றது. கிராமத்தில் ரிக் வண்டி இரவில் வந்து போவதை அது தடுத்ததாகத் தெரியவில்லை. நம் பக்கமும் பெருமைப்பட ஒன்றுமில்லை. தமிழ்நாட்டின் 2003-ஆம் ஆண்டு நிலத்தடி நீர்ச் சட்டம் நடைமுறைக்கே வராமல் கிடந்து, 2013-ல் ரத்தானது. இன்னொரு பக்கம், 2004 மே மாதம் பதவியேற்றதும் ஒய்.எஸ்.ராஜசேகர ரெட்டி விவசாயத்துக்கு இலவச மின்சாரக் கோப்பில் கையெழுத்துப் போட்டார். அதாவது, ஸ்விட்சைப் போட்டால் செலவே இல்லை என்ற நிலையில்தான் மேலே சொன்ன 42 சதவீதம் வந்தது. மின்சாரத்துக்கு விலை வைத்தால் ஒழிய விவசாயி தண்ணீரைக் குறைக்க மாட்டார் என்று அடித்துச் சொல்லும் பொருளாதார நிபுணர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்கலாம்.

2009-க்குப் பிறகு

பணம் நின்றதும் என்ன ஆனது என்பது இந்தக் கதையின் சங்கடமான பகுதி. திட்டம் முடிந்த சில ஆண்டுகளில் போய்ப் பார்த்த ஆய்வாளர்கள், விவசாயிகளிடம் அறிவு தங்கியிருப்பதைக் கண்டார்கள். மழை மி.மீ.யில் பேசுகிறார்கள், எந்தப் பயிர் எவ்வளவு குடிக்கும் என்று தெரிந்திருக்கிறது. ஆனால் குழுக்கள் பல இடங்களில் தளர்ந்துவிட்டன, அளப்பது நின்றுபோயிருந்தது. திட்டம் நடந்த ஊருக்கும் நடக்காத ஊருக்கும் சாகுபடியில் எதிர்பார்த்த அளவு வித்தியாசம் இல்லை என்ற விமர்சனமும் வந்தது. நெல்லிலிருந்து விலகும் போக்கு அப்போது அந்த வறண்ட பகுதி முழுக்கவே இருந்தது, அதைத் திட்டத்தின் கணக்கில் எழுதக் கூடாது என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம்தான்.

தளர்ந்ததற்குக் காரணம் விவசாயிகளின் அலட்சியம் என்று எழுதுவது சுலபம். ஒயர் அறுந்தால் மாற்ற வேண்டும், மழைமானி உடைந்தால் வாங்க வேண்டும். பத்து ஊர்க்காரர்களை ஒரு நாள் ஒரே இடத்தில் சேர்க்க யாராவது அலைய வேண்டும், மதியச் சாப்பாடு போட வேண்டும். பெரிய செலவே இல்லை. ஆனால் அந்தச் சின்னச் செலவு யாருடைய பட்ஜெட்டிலும் இல்லை. ஊராட்சியின் அன்றாட வேலையாக இது எழுதப்பட்டிருந்தால் கதை வேறாகியிருக்கலாம். தொண்டு நிறுவனங்கள் குழு அமைத்தபோது ஊராட்சியைச் சுற்றிப் போனது அந்தக் காலத்து வழக்கம், அதன் விலை இது.

தகவல் மட்டும் போதாது, விதி வேண்டும் என்று நினைத்தவர்களும் அதே மாவட்டங்களில் இருந்தார்கள். அனந்தபூர் மாவட்டம் மதிரேபள்ளியில், உலக ஒற்றுமை மையம் என்ற அமைப்பின் துணையோடு ஊரே ஒரு கட்டுப்பாடு போட்டுக்கொண்டது. இனிப் புதிதாக யாரும் போர் போடுவதில்லை. அதற்கு ஈடாக, போர் உள்ளவர்கள் இல்லாதவர்களுக்குத் தண்ணீர் பகிர்வது. மிச்சப்பட தெளிப்பு நீர்க் கருவிகள். இதன் அழகு, போர் இல்லாதவரையும் உள்ளே கொண்டுவந்ததில் இருக்கிறது. பட்ஜெட் கூட்டத்தின் பெரிய ஓட்டை அதுதான்: அது போர் உள்ளவர்களின் கணக்கு. மானாவாரிக்காரருக்கும், கூலிக்குப் போகிறவருக்கும் அந்தக் கூட்டத்தில் கேட்டுக்கொண்டிருப்பதைத் தவிர வேலை குறைவு. கூலிக்காரர் பக்கமிருந்து பார்த்தால், நெல் குறைவது நடவு வேலை குறைவதுதான். ஆனால் மதிரேபள்ளி மாதிரி ஏற்பாடு, எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஓர் ஊரில்தான் நிற்கும். 650 ஊர்களுக்கு அதை விரிப்பது கடினம். தகவல் பரவுகிற வேகத்தில் கட்டுப்பாடு பரவாது.

2019 டிசம்பரில் மத்திய அரசு அடல் பூஜல் யோஜனாவைத் தொடங்கியது. 6,000 கோடி ரூபாய், பாதி உலக வங்கிக் கடன். ஊராட்சி அளவில் நீர் பட்ஜெட், நீர்மட்ட அளவீடு, பாதுகாப்புத் திட்டம் என்று ஆந்திராவின் சாயல் அதில் நன்றாகவே தெரிகிறது. இந்த முறை ஊராட்சியை மையமாக வைத்தார்கள். குஜராத், ஹரியானா, கர்நாடகம், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் என்று ஏழு மாநிலங்கள். ஆந்திராவும் பட்டியலில் இல்லை, தமிழ்நாடும் இல்லை.

இருந்தாலும் நம் உள்மாவட்டங்களில் செய்ய நினைப்பவர்களுக்குப் பாறை ஒத்துழைக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம், கோவை எல்லாம் அதே கெட்டிப்பாறை. கூட்டத்தின் தேதியைத்தான் மாற்ற வேண்டும். வடகிழக்குப் பருவமழையை நம்பும் இடங்களில் அக்டோபரில் இருப்பைக் கணக்கிட முடியாது, தை மாதத்தில்தான் முடியும். பெரிய சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இந்த முறை ஒவ்வொரு பட்டத்துக்கும் பயிரை மாற்றிக்கொள்ள முடிகிறவருக்குத்தான் பயன்படும். அனந்தபூரிலும் நல்கொண்டாவிலும் சாத்துக்குடித் தோட்டம் வைத்தவர்கள் வறட்சியில் கணக்குப் பார்த்துப் பின்வாங்க முடியவில்லை, மரத்தைக் காப்பாற்ற இன்னும் ஆழமாகத் துளைத்தார்கள். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் நிலமெல்லாம் தென்னை. இந்த வருடம் தண்ணீர் குறைவு, பாதித் தோப்புக்கு லீவு விடுங்கள் என்று எந்தக் கூட்டமும் சொல்ல முடியாது. அங்கே பட்ஜெட் போட வேண்டுமென்றால், புதுக் கன்று நடும் முன்பே போட வேண்டும்.